மலீஹாவுக்கு அப்பால் மிளகுவுக்கு ஒரு வீடு

போன அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் கட்டடத்து நாத்தூர் கதவைத் தட்டினார். ஷார்ஜாவில் வாட்ச்மேனை அப்படித்தான் சொல்வோம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்த எங்கள் நாயைப் பார்த்தார். "மேடம், கட்டடம் கை மாறிடுச்சு. புது முதலாளி நாய் மாஃபி, கூடவே கூடாதுன்னு சொல்லிட்டார். அடுத்த மாசத்துக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்று இந்தியில் சொன்னார். நல்ல மனிதர். பதினோரு வருடம் எங்கள் நாய் சரக்கு லிஃப்டில் ஏறி இறங்குவதைப் பார்க்காததுபோல இருந்தவர். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக்கொண்டு போனார்.

நாங்கள் நகரத்தை விட்டுக் கிளம்பியதற்குக் காரணம் இதுதான். பாலைவனக் காதலோ, இயற்கை வாழ்க்கையோ ஒன்றும் கிடையாது.

கேரவனில் நாயும் பூனையுமாக இருந்துகொண்டே, கரண்ட் இணைப்பில்லாத ஒரு சின்ன வீட்டை இந்த ஊரில் கட்ட முடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். நாங்கள் கட்டினோம். எப்படி என்று சொல்கிறேன். அதோடு எங்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஷார்ஜாவில் ஒரு மருந்தகத்தில் பார்மசிஸ்ட், சொந்த ஊர் திண்டுக்கல். கௌரி அக்கா பிசியோதெரபிஸ்ட், கோபிச்செட்டிபாளையம் பக்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கணவர் இறந்த மறுவருடம் இங்கே வேலைக்கு வந்தவர். என் திருமணம் முறிந்த சமயத்தில், பாதி வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஆறு மாதத்துக்கு என்று பேசிக்கொண்டோம். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

நாயின் பெயர் மிளகு. கறுப்பு. பாலைவனத்து வேட்டை நாயின் நீளமான காலும், எந்த இனத்துக்கும் சேராத மடிந்த காதும். தொழில்பேட்டையில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்தவனை அக்காதான் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தார். பூனையின் பெயர் சுக்கு. அவள் தானாக வந்து சேர்ந்தாள். மிளகு அக்காவின் நாய், சுக்கு தனக்குத்தானே சொந்தமான பூனை. எனக்கென்று யாரும் கிடையாது என்று அந்த வீட்டில் ஒரு கேலி உண்டு.

அன்று நாத்தூர் போனதும், "நாய் வைக்க விடற ஃபிளாட்டாப் பார்க்கலாம்" என்றேன். பார்த்தோம். துபாயில் இருந்தன. வாடகையைக் கேட்டதும் பேசாமல் திரும்பி வந்தோம். யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று மருந்தகத்தில் ஒருவர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன்.

"பதினோரு வயசு நாயை எவன் வாங்குவான்?" என்றார் அக்கா. "அவனை உட்டுட்டு நான் எங்க போறது புள்ள? ஊடுதான வேணும்? கட்டிப்போடலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்காவிடம் முழங்கால் அறுவைக்குப் பிறகு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவர் உம் சாலிம். இந்த ஊர்க்காரப் பெண்மணி. மலீஹாவுக்கு அப்பால், மலை தொடங்குகிற இடத்தில் அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. பேரீச்சை, கொஞ்சம் ஆடு, நிறையக் கோழி. அக்கா அவர் காலை நீட்டி மடக்கிக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். உம் சாலிம் தனக்குத் தெரிந்த இந்தியில், "தோட்டம் பெரிசு, நாய் சின்னது. என்ன பிரச்சினை? வீட்டுக்குள்ள மட்டும் வரக்கூடாது, ஆடு பக்கம் போகக்கூடாது. கலாஸ், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாராம். அவருடைய மகன்தான் முனிசிபாலிட்டியில் பேசினார். அஸ்திவாரம் போடாத, பெயர்த்து எடுக்கக்கூடிய தற்காலிக அறை என்ற வகையில் அனுமதி வாங்கித் தந்தார். அவர் இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. உங்களுக்கும் இந்த ஊர்க்காரர் ஒருவர் துணை வேண்டும், அதை மறைத்துப் பயனில்லை.

வீடு கட்டும்வரை இருக்க ஒரு கேரவன் வாங்கினோம். பழையது, பதினாறு அடி நீளம், இருபத்திரண்டாயிரம் திர்ஹம். முன்பு வைத்திருந்தவர் குளிர்காலத்தில் மட்டும் கடற்கரையில் நிறுத்தி மீன் பிடிப்பாராம். மூன்று தடவை கழுவியும் அந்த வாடை போகவில்லை. சுக்குவுக்கு மட்டும் அது மிகவும் பிடித்திருந்தது. இழுப்பதற்கு அக்காவின் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருந்தது. கொக்கி மாட்டவும் அதைப் பதிவு செய்யவும் தனியாக அலைய வேண்டும். கேரவனுக்கும் முல்கியா என்கிற தனிப் பதிவு அட்டை, தனி நம்பர் பலகை உண்டு. இதையெல்லாம் முடிக்காமல் சாலையில் ஏறாதீர்கள்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஷார்ஜாவிலிருந்து கல்பா போகும் சாலை. தோட்டம் வரை எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சும்மா போனால் ஒரு மணி நேரம். கேரவனை இழுத்துக்கொண்டு இரண்டேகால் மணி நேரம் ஆனது. நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் சிவப்பு மணல். மலீஹா தாண்டியதும் மணல் முடிந்து கல் தொடங்கும். பிறகு திடீரென்று மலை, ஒரு மரம்கூட இல்லாமல், பழுப்பாக. லாரிகள் கடக்கும்போதெல்லாம் கேரவன் பக்கவாட்டில் ஆடியது. அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். மிளகு பின் சீட்டில் நின்றபடியே, தாடையை அவர் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். சுக்கு கூடைக்குள்ளிருந்து வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தாள்.

தார்ச்சாலை முடிந்து கடைசி இரண்டு கிலோமீட்டர் சரளைக்கல். அங்கே மெதுவாகப் போங்கள். எங்கள் கேரவனின் தண்ணீர்க் குழாய் ஒன்று அன்றே கல் பட்டு உடைந்தது.

தோட்டத்தில் ஆடு கோழிகளைப் பார்த்துக்கொள்பவர் நூர் பாய், பெஷாவர் பக்கத்துக்காரர். கேரவனைப் பின்னால் எடுத்து நிறுத்த அவர்தான் கை காட்டினார். "பஸ், பஸ், மேடம். ஆப் கா காடி நஹி, ஊண்ட் ஹை" என்றார். போதும், உங்களுடையது வண்டியில்லை, ஒட்டகம் என்று அர்த்தம். நாயைக் கண்டதும் நாலடி தள்ளி நின்றார். கெட்ட எண்ணம் இல்லை. நாயைத் தொட்டால் தொழுகைக்கு முன் மறுபடி கழுவ வேண்டும், அவ்வளவுதான். மிளகுவும் அதைப் புரிந்துகொண்டதுபோல அவரிடம் நாலடி தள்ளியே இருந்தான். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் காதைத் தூக்குவான். அவர் வாயில் அது "மில்கூ."

கேரவன் வாழ்க்கையைப் பற்றி அழகான படங்கள் நிறைய இருக்கின்றன. உண்மை என்னவென்றால், பதினாறு அடிக்குள் இரண்டு பெண்களும் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தால், யாராவது ஒருவர் நகர மற்ற மூவரும் எழுந்திருக்க வேண்டும். கைகழுவும் தொட்டிக்குள் சுக்கு தூங்குவாள். சாம்பாரில் முடி இருக்கும். காலை ஐந்தரைக்கு நான் டியூட்டிக்குக் கிளம்பினால் மிளகு குரைத்து வழியனுப்புவான், அதற்குத் தோட்டத்துச் சேவல்கள் பதில் சொல்லும். ஆனால் சாயங்காலம் திரும்பி வரும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும், அக்கா கேரவன் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார், மிளகு சரளைப் பாதையில் ஓடி வருவான். பதினோரு வருடம் அடுக்குமாடியில் இருந்தவன். ஓட இடம் கிடைத்ததும் குட்டியாகிவிட்டான்.

கட்டிய விதத்தைச் சொல்கிறேன். ஓடைப் பள்ளத்திலிருந்து நன்றாக மேடான இடமாகத் தேர்ந்தெடுத்தோம். இங்கே மழை அரிது, ஆனால் பெய்தால் ஓடையில் காரே அடித்துக்கொண்டு போகும். தரையைச் சமன் செய்து, கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்தை ஷார்ஜா தொழில்பேட்டையில் வெல்டிங் செய்து லாரியில் கொண்டுவந்தோம். சுவருக்கும் கூரைக்கும், நடுவில் நுரை வைத்த சாண்ட்விச் தகடு. உள்பக்கம் பிளைவுட். பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி ஒரே அறை. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், வடக்குப் பக்கம் நிழல் விழுகிற மாதிரி ஒரு தகரச் சாய்ப்பு. தெற்கே தாங்கு கட்டி நான்கு சோலார் தகடுகள், உள்ளே பாட்டரி. தண்ணீருக்கு ஐந்நூறு கேலன் தொட்டி, டேங்கர் வந்து நிரப்பிப் போகும். கேரவன் சேராமல் மொத்தம் முப்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது.

வெள்ளியும் சனியும் ஞாயிறும்தான் வேலை. வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள் டியூட்டி. தொழுகை முடிந்து நூர் பாயும் வந்துவிடுவார். அக்கா அளந்து கோடு போடுவார், நான் துளை போடுவேன், நூர் பாய் தூக்குவார். டிசம்பரில் ஒரு நாள் காற்று கிளம்பி, சரியாக முடுக்காத கூரைத் தகடு ஒன்று பறந்து போய்ப் பேரீச்சை மரங்களுக்குள் விழுந்தது. நல்லவேளை, ஆடு ஒன்றும் அடிபடவில்லை. உம் சாலிம் சக்கர நாற்காலியில் வந்து பார்த்துவிட்டு, "உங்க வீடு எங்க வீட்டைப் பார்க்க வருதா?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகமெல்லாம் கறுத்து, உள்ளங்கை காய்த்து, சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஜனவரியில் இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மிளகு இருமத் தொடங்கினான். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல, பொழுது சாயும் நேரத்தில். சிமெண்டுத் தூசி என்று நினைத்தோம். ஷார்ஜாவில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். மலையாளி டாக்டர், நிதானமானவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் பெருசாயிட்டுண்டு. மருந்து தரலாம். ஓடாம பார்த்துக்கணும்" என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்டேன். "அது சொல்ல முடியாது" என்றார். திரும்பி வரும் வழியில் மிளகுவின் தலை வழக்கம்போல அக்காவின் தோளில் இருந்தது.

அடுத்த வாரம் அக்கா வேலை பார்த்த கிளினிக்கை மூடப்போவதாகச் சொன்னார்கள். விசா அவர்களுடையது. வேலை போனால் விசாவும் போகும், பிறகு கொஞ்ச நாள் அவகாசம், அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம் மரியாதையாகப் பேசி, டீ கொடுத்து அனுப்பினார்கள். சவுதியில், தம்மாமில் ஒரு இடம் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார், அதுவும் கூடி வரவில்லை. கோபியில் அவருடைய தம்பி, "வந்துரு அக்கா, இங்கயே ஒரு ரூம் போட்டு வைத்தியம் பார்க்கலாம்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரியில் ஒரு பொழுது சாய்கிற நேரம், கேரவனுக்குள் அக்கா நாய்க் கூண்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏற்றுகிற வகை. மிளகு அதை மோந்து பார்த்துவிட்டுக் கதவோரம் போய்ப் படுத்தான்.

"டாக்டர்தான் ஃபிளைட்டுக்கு எழுதித் தர மாட்டேன்னுட்டாரேக்கா" என்றேன்.

"அஜ்மான்ல இன்னொருத்தர் இருக்கறாராம். எழுதிக் குடுத்துருவாராம்."

"அவர் எழுதிக் குடுத்துருவாரு. இவன் தாங்கணும்ல?"

"தாங்கலீன்னா என்ற பக்கத்துல போகட்டும்."

அதற்குமேல் நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொன்னேன். "பக்கத்துல எங்கக்கா? அவன் கீழ சாமானோட இருட்டுக்குள்ள இருப்பான். நீங்க மேல சீட்ல இருப்பீங்க."

அக்கா கூண்டின் கம்பிக் கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார். "இங்க உட்டுட்டுப் போனா நான் எங்கயோ போயிட்டேன்னு நினைச்சுக்குவான் புள்ள. அதுக்கு என்ன பண்றது?" என்றார்.

வெளியே நூர் பாய் கோழிகளைக் கூண்டுக்குள் விரட்டுகிற சத்தம் கேட்டது. மிளகு இருமினான். அக்கா போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. ஊட்டை முடிச்சுப்போடலாம். ஊட்டுக்குள்ள அவனோட நாலு நாளாச்சும் இருந்துட்டுப் போறேன்" என்றார்.

அதன்பிறகு நாங்கள் கட்டியது வேறு விதமான கட்டுமானம். அக்கா வேலையில்லாமல் இருந்ததால் தினமும் கட்டினார். நான் டியூட்டி முடிந்து வந்து விளக்கு வெளிச்சத்தில் சேர்ந்துகொள்வேன். நூர் பாயும் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் வந்தார். பிளைவுட்டின் விளிம்புகள் சில இடத்தில் சரியாகச் சேரவில்லை, பரவாயில்லை என்று விட்டோம். அக்கா எதையும் அப்படி விடுகிறவர் இல்லை. சோலார் இணைத்து முதல் விளக்கு எரிந்த சாயங்காலம் உம் சாலிம் வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டு பிரியாணி வந்தது. மிளகு உள்ளே வந்து, அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் படுத்தான். அந்த இடம் அவனுக்கு என்று ஆயிற்று.

நாலு நாள் என்றது ஆறு நாளாக நீண்டது. அந்த ஆறு நாளும் அக்கா, ஜன்னலோரம் தனக்கென்று முடுக்கிப் போட்ட கட்டிலை விட்டுவிட்டு, தரையில் அவன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். பகலில் அவனை மெதுவாக நடத்திக்கொண்டு பேரீச்சை மரங்கள் வரை போய் வருவார். இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள், அதாவது அக்கா பேசுவார். தூரத்திலிருந்து பார்த்தால் வயதான இரண்டு பேர் காலாற நடப்பதுபோல இருக்கும்.

மார்ச் முதல் வாரம் அக்கா கிளம்பினார். ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானம். மத்தியானம் தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். பெட்டியை வண்டியில் ஏற்றியபின் அக்கா உள்ளே போய், மாத்திரையைத் தயிர்சோற்று உருண்டைக்குள் வைத்து மிளகுவுக்குக் கொடுத்தார். அவன் உருண்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பினான். எடுத்து மறுபடி கொடுத்தார். "வந்தர்றேன் சாமி" என்றார். கடைக்குப் போகும்போதும் அப்படித்தான் சொல்வார். அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

வழியில் அக்கா அழவில்லை. மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. தயிர்ல வெச்சா துப்புவான், சீஸ்ல வை. வெயில் ஏறுனா சாய்ப்புக்கு அடியில தண்ணி தெளிச்சு உடு." மலீஹா வந்தது, மணல் வந்தது, நகரம் வந்தது. விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "நீ ஏன் புள்ள அழுவற?" என்று என்னைக் கேட்டார். பதினோரு வருடத்தில் நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டது அன்று ஒரு தடவைதான்.

மிளகு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டான். சாயங்காலம் நான் வண்டியைத் திருப்பும்போது சரளைப் பாதையில் நிற்பான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு வருவான். அது அக்காவின் வண்டி, அந்தக் கதவைத் திறந்து அக்காதான் இறங்குவார். நான் இறங்குவேன். மரியாதைக்கு வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, எனக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். தினமும் பார்த்தான். வீடியோவில் அக்கா கூப்பிட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கட்டிலுக்கு அடியில் தேடினான். அதனால் அக்கா வீடியோவில் பேசுவதை நிறுத்திவிட்டார். "என்னைய அவனுக்குக் காட்டாத, அவனை மட்டும் காட்டு, நான் பேசாமப் பாத்துக்கறேன்" என்பார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது.

ஏப்ரல் நடுவில் ஒரு பகல், மருந்தகத்தில் கூட்டமாக இருந்தபோது நூர் பாய் போன் செய்தார். "மேடம், மில்கூ எழுந்திருக்கல. மூச்சு ஒரு மாதிரி இருக்கு. ஜல்தி வாங்க." கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தச் சாலையில் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை, போகக்கூடாது.

சாய்ப்புக்கு அடியில் கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் வால் நுனி மட்டும் அசைந்தது. டாக்டருக்குப் போன் செய்ததும் உடனே கொண்டுவரச் சொன்னார். தனியாக என்னால் தூக்க முடியவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே நூர் பாய் தோளிலிருந்த சால்வையை விரித்து, மிளகுவை அதற்குள் அள்ளித் தூக்கி வண்டியின் பின் சீட்டில் வைத்து, தானும் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை ஒரு தரம்கூட அவனைத் தொடாதவர்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நூர் பாய் தன் பஷ்தோ மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தையிடம் பேசுகிற மாதிரி இருந்தது. மலீஹா ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பேச்சு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"மேடம், மெதுவாப் போங்க" என்றார். பிறகு, "கலாஸ்" என்றார்.

சாலையோரம் நிறுத்தினேன். லாரிகள் கடந்து போய்க்கொண்டிருந்தன. நூர் பாய் இறங்கி வந்து என் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "வீட்டுக்கே போயிடலாம்" என்றார். திருப்பினேன்.

உம் சாலிமிடம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வடக்கே, ஆடுகள் வராத மேட்டில் குழி தோண்டினோம். கல் தரை. கடப்பாரை போட்டு நூர் பாய்தான் முக்கால்வாசியும் தோண்டினார். சால்வையோடே வைத்தோம். எல்லாம் முடிந்ததும் அவர் குழாயடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவிவிட்டுத் தொழப் போனார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். இங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது, அங்கே இருட்டியிருக்கும். "அக்கா, மிளகு போயிட்டான்" என்று மட்டும் சொன்னேன். பின்னணியில் தம்பி வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை நிறுத்தினார்கள். பிறகு, "சிரமப்பட்டானா?" என்றார்.

"ரொம்ப இல்லக்கா. நூர் பாய் மடியில தலை வெச்சுருந்தான். அவர் பேசிட்டே வந்தாரு."

"அவரா?" என்றார். பிறகு, "சுக்கு சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். சுக்கு காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவன் படுக்கிற இடத்தில், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கூண்டில் ஏற்றி அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பானா, கோபியில் அக்காவின் வாசலில் இன்னும் ஒரு வருடம் கிடந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், "வழியிலேயே போயிருக்கும்" என்றார். என் மனம் ஆறுவதற்காகச் சொன்னாரா என்றும் தெரியாது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் கேரவனில் இருக்க முடியும். மே பிறந்தால் சோலாரை நம்பி ஏசி ஓட்ட முடியாது. நான்கு தகடுகள் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சின்ன ஃபிரிட்ஜுக்கும்தான் காணும். நாங்கள் இன்னும் நான்கு போட்டிருக்க வேண்டும். சாண்ட்விச் தகட்டின் கனத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். தேள் உண்டு, செருப்பை உதறாமல் போடாதீர்கள், நாய்ப் படுக்கையையும் தினமும் உதறுங்கள். பூனையை முதல் இரண்டு வாரம் வெளியே விடாதீர்கள். இந்தியாவுக்குப் பிராணிகளைக் கொண்டுபோகும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. வேலை நிரந்தரம் என்று நினைக்கிற காலத்திலேயே அதை விசாரித்து வையுங்கள். வயதான பிராணி என்றால் கட்டத் தொடங்கும் முன் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். நாங்கள் முதல் வாரமே காட்டியிருந்தால் கூரையை அவ்வளவு ஆற அமரப் போட்டிருக்க மாட்டோம்.

கேரவனை மே மாதம் விற்றுவிட்டேன். வெயில் காலம் முழுக்க ஷார்ஜாவில் ஒரு அறையில் சுக்குவோடு இருந்தேன். பூனைக்கு அங்கே தடையில்லை. இந்த அக்டோபரில் குளிர் இறங்கியதும் மறுபடி தோட்டத்துக்குப் போனேன். வீடு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு அடுக்குத் தூசி, அவ்வளவுதான். நூர் பாய் ஊருக்கு லீவில் போயிருந்தார். மேட்டில் மிளகுவின் குழிமேல் கற்களை நேராக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

அக்கா கோபியில் ஒரு அறை எடுத்து முழங்கால் வைத்தியம் பார்க்கிறார். கூட்டம் வருகிறதாம். விசிட் விசாவில் பத்து நாள் வந்து போங்கள், உங்கள் கட்டில் ஜன்னலோரம் சும்மாதான் கிடக்கிறது என்று போன வாரம் சொன்னேன்.

"இல்ல புள்ள. நான் வரலை. வந்தா அந்தச் சரளை ரோட்டுல எறங்க முடியாது என்னால" என்றார். "அந்தக் கட்டில எடுத்துப்போட்டு உனக்கு வேணுங்கறதை வெச்சுக்க. சும்மா எடத்தை அடைச்சுட்டு எதுக்கு?"

மறுநாள் சனிக்கிழமை. ஸ்பேனரை எடுத்துக் கட்டிலைக் கழற்றினேன். எட்டு போல்ட்டு, அக்கா முடுக்கியவை, நகரவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த இடத்தில் இப்போது நான் சாப்பிட ஒரு மேசை போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிகிறது. ஒரு நாற்காலிதான் வாங்கினேன்.